வலது பக்கம் குத்திய மெடல்

புட்டா...

போய்விட்டாயேடா.

எல்லோருக்கும் சொல்கிறேன். என் தம்பி முருகேசன், மிலிட்டரி முருகேசன் என்று நீங்கள் கூப்பிடுவீர்களே, இந்த ஊர்க் கன்னடத்தில் குட்டிப்பையனைச் சொல்வதுபோல நான் புட்டா என்பேனே, அவன் இன்று காலை இறந்துவிட்டான். பேக்டரி கேட்டில் செக்யூரிட்டி டூட்டி முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் காபி கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

நான் படித்தது ஐந்தாவது வரைதான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு போட்டிருக்கும் போட்டோ போன ஆகஸ்ட் பதினைந்தில் எடுத்தது. சட்டையில் இருப்பது அவன் மெடல். எல்லைச் சண்டையில் காட்டிய தைரியத்துக்குக் கொடுத்தது. மலைமேல் குண்டு பட்டுக் கிடந்த ஒருவனைத் தூக்கி வர, எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே திரும்பி மேலே ஏறினானாம். வலது தோளில் குண்டு பாய்ந்தும் அவனைக் கீழே விடவில்லையாம்.

மெடலோடு வந்த காகிதத்தை என் மகள் படித்துச் சொன்னதுதான் இதெல்லாம். அவனைக் கேட்டால், "விடுக்கா, சாப்பாட்டப் போடு" என்பான்.

அந்த வலது கை அதன்பிறகு மேலே தூக்க வரவில்லை. தலை வாரிவிடுவது, சட்டை மாட்டிவிடுவது எல்லாம் நான்தான். "சின்னப் புள்ளைல வாரிவிட்டது பத்தலையாக்கா உனக்கு?" என்று சிரிப்பான்.

மெடலை மட்டும் அவனே குத்திக்கொள்வான். இடது கையால். வலது பக்கம்.

கை வராததால்தான் அந்தப் பக்கம் போகிறது என்று நினைத்தேன். முதல் வருஷம், எங்கள் வீதியில் கொடி ஏற்றும் இடத்தில் எல்லோர் முன்னாலும், "என்னடா புட்டா, பத்து வருஷம் லெஃப்ட் ரைட் போட்டியே, லெஃப்ட் எதுன்னு தெரியலையா?" என்றேன். வீதியே சிரித்தது. அவனும் சிரித்தான். நான் கழற்றி இடது பக்கம் குத்திவிட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் இதேதான். அவன் வலது பக்கம் குத்துவான், நான் மாற்றுவேன். "சரிக்கா, உன் இஷ்டம்."

போட்டோவில் பாருங்கள். தரையைத்தான் பார்க்கிறான்...

இன்று மத்தியானம் சாமராஜநகரிலிருந்து மாதப்பா வந்தார். அதே சண்டையில் கூட இருந்தவர். சுவரில் இந்த போட்டோவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அக்கா, இவன் லெஃப்ட்ல குத்தமாட்டானே. யார் குத்தினது?"

நான்தான் என்றேன்.

"நம்ம மெடல்னா லெஃப்ட்டுக்கா. செத்தவங்க மெடல அவங்க வீட்டாளுங்க போட்டா ரைட்டு. மிலிட்டரி வழக்கம் அது. இவன் தூக்கிட்டு வந்தானே, அந்தப் பையன் அடிபட்டும் சுட்டுக்கிட்டே கெடந்தான். அதனாலதான் நாங்க ஆறு பேரும் உசுரோட எறங்குனோம். கீழ வந்து எறக்குறப்ப அவனுக்கு உசுரு இல்ல. 'இது அவன் மெடலு மாதப்பா, நான் சும்மா போட்டிருக்கேன்'னு சொல்லிட்டே இருப்பான். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்... நான்தான் வீதியையே கூட்டிச் சிரித்தேனே.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறோம். மைசூரில் இருப்பவர்கள் வந்து பார்த்துவிடுங்கள்.

வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டேன். தலை வாரிவிட்டேன். மெடல் என் கையிலேயே இருக்கிறது. ஊர் முழுக்க உன் மெடல் என்கிறது, நீ அவனுடையது என்கிறாய்...

எந்தப் பக்கம் குத்தட்டும், புட்டா?