குண்டு அச்சுக்கு அகப்பைக் காம்பு

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சுகள் மூன்று கிடந்தன. பக்கத்தில் இடியப்பம், சம்பல், பாதி குடித்த தேநீர். எழுதும்போதே சிரிப்பு முட்டுகிறது. வெடிச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி, கண்டம் தாண்டி, ரெய்னர்ஸ் லேனில் ஒரு ஒடுங்கிய வீட்டுக்குள் வந்து ஒதுங்கிய மனிதர் என் கணவர். அவர்தான் விசிலடித்தபடி அவற்றுக்குக் கைபிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, உதை மேசையால எடுங்கோ. நாங்கள் உதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்?"

"ஓம். அப்ப நிண்டு பாக்க நேரம் கிடைக்கேல்லை. இப்பதான் ஆறுதலாய்ப் பாக்கிறன்."

எல்லாம் மகளால் வந்தது. அவள் ஒரு வெள்ளைக்காரப் பையனை விரும்பினாள். பையன் தங்கம். அவனுடைய தாயும் தகப்பனும் முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். தாயும் நானும் தக்காளிச் செடியில் தொடங்கிப் பிரசவ வலிவரை போய்விட்டோம். இரண்டு தகப்பன்மாரோ விமான நிலையத்தில் யாரும் எடுக்காமல் சுற்றும் இரண்டு பெட்டிகள் மாதிரி இருந்தார்கள். அவர் மழை வரும் என்றார். இவர் யெஸ் யெஸ் என்றார். மழை வந்தது. அதோடு விஷயம் முடிந்தது.

நான்தான் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டேன். மனிதர் மலர்ந்துவிட்டார். சனி தோறும் ஒரு கிளப்பில், குழலுக்குள் வெடிமருந்து இடித்து நிரப்பும் பழங்காலத்துத் துப்பாக்கியால், காகித இலக்கில் சுடுவாராம். குண்டுகளைத் தானே ஈயத்தில் வார்ப்பாராம். எங்கள் வீட்டில் கரண்டிகள் எல்லாம் அப்படியே நின்றன. மகள் மேசைக்குக் கீழே யாரையோ உதைத்தாள், உதை எனக்கு விழுந்தது. செத்துப்போன தன் மாமாவின் அச்சுகள் கைபிடி இல்லாமல் கிடைத்தன, சந்தைகளில் தேடித் தேடிக் கைபிடி வாங்கியும் ஒன்றாவது பொருந்தவில்லை என்று அவர் பெருமூச்சு விட்டார்.

பொருந்தவில்லை! என் கணவர் பாண் சுடும் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் மெஷின் பிட்டர். அந்தச் சொல் காதில் விழுந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "பிரிங். ஐ வில் பிட்," என்றார். அன்று அவர் பேசிய முதல் முழு வசனம் அதுதான்.

அடுத்த கிழமை பையன் ஒரு பிஸ்கட் டின்னில் அச்சு, கைபிடி எல்லாவற்றையும் கொண்டுவந்து தந்தான். மகள் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வெட்டிங்கில அவன்ரை அப்பாவும் நீங்களும் பக்கத்தில நிண்டு ஏதாவது கதைக்கோணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். ப்ளீஸ், இதை ஸ்பொயில் பண்ணிப் போடாதேங்கோ."

"நான் எப்ப பிள்ளை ஸ்பொயில் பண்ணினனான்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை, ஈயம் பட்ட சாமான் என் சாப்பாட்டு மேசையில் வேண்டாம் என்று அவரைப் பின்வளவுத் தோட்டத்துக்குத் துரத்தினேன். துரத்திவிட்டு நானும் போய் இருந்தேன். அது ஒரு அழகான வேலை, சொல்லத்தான் வேண்டும். அச்சு என்பது இரண்டு இரும்புக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் பாதிக் குழி. கட்டிகள் சேர்ந்தால் ஒரு முழு உருண்டைக்கு இடம். கைபிடி குறடு மாதிரி இருக்கும். அதன் இரண்டு நாக்குகளும் இரண்டு கட்டிகளின் பிளவுக்குள் போய் இருக்கவேண்டும். இங்கே ஒரு நாக்கு தடிப்பு, ஒரு நாக்கு தளர்வு, ஒன்றின் ஆணித் துளை தெற்கே பார்த்தால் கட்டியின் துளை வடக்கே. வேறு வேறு வீட்டில் பிறந்தவை, வேறு வேறு பிடிவாதம்.

அவர் அரத்தால் நாக்கைத்தான் அராவினார். கட்டியைத் தொடவே இல்லை. "கைபிடி பிழைச்சால் வேற வாங்கலாம். கட்டி பிழைச்சால் மாமா திரும்பி வரமாட்டார்," என்றார். கொஞ்சம் அராவி, பூட்டி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இரண்டு கட்டிகளுக்கும் நடுவே வெளிச்சக் கீற்றுத் தெரியும். திரும்ப அராவுவார். கடைசியில் வெளிச்சம் தெரியாமல் போய், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்த டக்கில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு தரம் மூடுங்கோ என்று கேட்டேன். ஊஞ்சல் கேட்கும் சின்னப்பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஒரு கைபிடிக்கு மரப்பிடி இல்லை. சூட்டில் வெறும் இரும்பைப் பிடிக்க ஏலாது. தமிழ்க் கடைக்குப் போய் ஒரு புது அகப்பை வாங்கி வந்தார். காம்பை வெட்டித் துளைத்து ஏற்றிவிட்டார். மிச்சம் தேங்காய்ச் சிரட்டை. "உதில இனி என்னத்தை அள்ளுறது?" என்று கேட்டேன். "பறவைக்குத் தண்ணி வையும்," என்றார்.

பிறகுதான் அந்தக் காரியம் நடந்தது. துருவெல்லாம் தேய்த்து எடுத்தபின் இரும்பு அம்மணமாக நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறு தோசை அவருடைய ராச்சியம். தோசைக்கல்லை வெங்காயத்தால் தேய்த்துப் பழக்குவதில் அவருக்கு நிகர் யாருமில்லை. பின்வளவு அடுப்பில் அச்சுகளைச் சூடாக்கி, பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்து, குழிக்குள்ளும் வெளியேயும் வடிவாகத் தேய்த்தார். கறுத்து மினுங்கியது. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாப்பிள்ளைகள் மாதிரி மூன்றும் நின்றன.

மறுநாள் ஞாயிறு, புரொம்லியில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டோம். பிக்கடிலி லைன் ரயிலில் அவர் பையை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தார். "ஆரும் கேட்டால் முறுக்கு அச்செண்டு சொல்லும்." யார் கேட்கப் போகிறார்கள்? விக்டோரியா நிலையத்தில் சீருடைக்காரர் ஒருவர் நேரே எங்களை நோக்கி வந்தார். என் கணவர் விறைத்து, பழைய சோதனைச் சாவடி முகத்தைப் போட்டுக்கொண்டு, கேட்கமுதலே, "ஃபோர் குக்கிங், சேர்," என்றார். சீருடைக்காரர் பையின் சிப் திறந்திருக்கிறது என்று சொல்லத்தான் வந்தாராம். "லவ்லி," என்று விட்டுப் போனார். ரயில் மேடை முழுக்க நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

சம்பந்தி கைபிடிகளைத் திறந்தார், மூடினார். டக். திறந்தார், மூடினார். அகப்பைக் காம்பைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தோட்டத்தில் ஈயத்தை உருக்கி, முதல் குண்டை வார்த்தார். மகளும் பையனும் கையைப் பிடித்தபடி தள்ளி நின்றார்கள்.

புகை எழும்பியது. ஈயப் புகை அல்ல. வெங்காயம் வதக்கும் புகை! புரொம்லி முழுதும் பசிக்கத் தொடங்கியிருக்கும். அச்சைத் திறந்தால், உள்ளே வெய்யிலில் காய்ந்த நெல்லிக்காய் மாதிரி, சுருங்கி வரியோடிய ஒன்று விழுந்தது.

சம்பந்தி அதைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "இதில் என்ன பூசினீர்கள்? எண்ணெய் பட்டால் இப்படித்தான் வரும்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"செசமி ஒயில்," என்றார் என் கணவர். கொஞ்சம் பொறுத்து, நேர்மையான மனிதர் அல்லவா, "அண்ட் அனியன்."

"அனியன்?"

"ஹாஃப்."

சம்பந்தி மூக்கால் ஒரு தரம் இழுத்தார். பிறகு சமையலறை யன்னலைப் பார்த்து மனைவியிடம் கத்தினார்: "மாமாவின் அச்சை இந்த மனுசன் வெங்காயத்தோடு பொரித்திருக்கிறார்!" சொல்லி முடிக்கமுதல் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கிறார். கண்ணாடிக்குள் கண்ணீர் ஓடச் சிரிக்கிறார்.

எண்ணெய் எரிந்து போகுமட்டும் வார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவர் ஊற்ற, ஒருவர் அகப்பைக் காம்பைப் பிடிக்க, ஒவ்வொன்றும் இறுகுமட்டும் காத்து நிற்கவேண்டும். காத்து நிற்கும் இடத்தில்தான் கதை வந்தது. ஏன் வெங்காயம்? தோசைக்கல் எப்படிப் பழகும்? கழுவும்போது ஏன் சவர்க்காரம் போடக்கூடாது? இவருடைய ஆங்கிலம் முடிந்த இடத்தில் கை பேசியது. நெல்லிக்காய் சுருக்கம் விட்டு, விட்டு, ஒருவாறு பளிங்கு மாதிரி ஒரு உருண்டை விழுந்தது. அதற்குள் இருவரும் தோசை வார்க்கும் பதத்தைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. மகள்தான் கண்டாள். கண்டும் சொல்லவில்லை. அவள் உருண்டையைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புறப்படும்போது சம்பந்தி தோட்டக் கொட்டிலுக்குள் ஓடிப்போய், துருப்பிடித்த இரும்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் பைக்குள் திணித்தார். "இதற்கும் வெங்காயம் போடுங்கள். அடுத்த ஞாயிறு எடுக்க வருகிறேன்."

பை போனதைவிடப் பாரமாகத் திரும்பியது. விக்டோரியாவில் என் கணவர் வேண்டுமென்றே சிப்பைத் திறந்துவிட்டு, சீருடைக்காரர்கள் நிற்கும் பக்கமாகவே நடந்தார். மெல்ல நடந்தார். நின்று, குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார்.

"என்னப்பா செய்யிறியள்? வாங்கோ."

"பொறும். ஆராவது கேக்கட்டும்," என்றார். "இப்ப உண்மையாய்ச் சமையலுக்குத்தானே."

ஒருவரும் கேட்கவில்லை. ரெய்னர்ஸ் லேன் வரைக்கும் அவருக்கு அது பெரிய மனக்குறை.