பதின்மூன்றேழு

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே அறை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அதற்குள்தான். வாத்தியாரும் ஒருவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பதுளைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளைக்கு மூளை இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது, அது வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தால் மனிதப் பிறவி. இல்லாவிட்டால் கொழுந்துக்கூடை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து, அந்த அரசாங்கமே தோட்டத்து ஆட்களான எங்கள் ஓட்டைப் பறித்தும் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வாய்ப்பாட்டைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

வாய்ப்பாட்டு நேரத்தில் மட்டும் வாத்தியார் பிரம்பை எடுப்பதில்லை. எங்களையே ஒருவர் தலையில் ஒருவர் குட்ட வைப்பார். வரிசையாக நிற்க வேண்டும். கேள்வி முதல் பிள்ளையிடம் தொடங்கும். அது விழித்தால் அடுத்ததற்குப் போகும். சரியாகச் சொன்ன பிள்ளை, அதற்கு முன்னால் விழித்த அத்தனை பேர் தலையிலும் குட்ட வேண்டும். ஒருவருமே சொல்லாவிட்டால் கேள்வி சுற்றிக்கொண்டு முதல் பிள்ளையிடமே வரும். மெதுவாகக் குட்டினால் வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுவார்.

"இப்பிடியோ குட்டுறது? நான் காட்டுறன் பார்" என்று குட்டிய பிள்ளையின் தலையிலேயே குட்டிக் காட்டுவார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நடுவிரல் மூட்டைக் கொஞ்சம் வெளியே துருத்தி வைத்துக்கொண்டால் 'டொக்'கென்று சத்தம் வரும். அதைப் பழகி வைத்திருந்தேன். என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொள்ளும். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என்னைத் தூக்கி வளர்க்கத்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக அனுப்பினார்கள், அதனால் இருவரும் ஒரே வகுப்பு. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மலையில் வெட்டிய மண்படிகள் உண்டு. ஒரு படிக்கு ஒரு வரி என்று அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஓரேழு ஏழு, ஒரு படி. ஈரேழு பதினாலு, இன்னொரு படி. தப்பாகச் சொன்னால் அடிப்படிக்கு இறங்கி முதலிலிருந்து வரவேண்டும். நான் இறங்கும்போதெல்லாம் அவளும் என்னோடு இறங்குவாள், இரண்டு சிலேட்டையும் சுமந்துகொண்டு. இப்படி ஏறி இறங்கியே எனக்கு முன்னால் அவளுக்குப் பதினாறும் மனப்பாடமாகிவிட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏனென்றால் வகுப்பில் அவள் வாயைத் திறக்க மாட்டாள். மூன்றாம் வகுப்பில் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு முன்னால் விழித்து நின்றது தலை நிறையச் சிரங்கு பிடித்த ஒரு சின்னப் பயல். அக்கா விரலால் தொட்டாள். வாத்தியார் எழுந்து வந்து அவளுக்குக் குட்டிக் காட்டினார். இரண்டாம் முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு குட்டினாள். சிரங்கு உடைந்து அந்தப் பயலின் காது வரை ஒழுகியது. அன்றைக்குப் பிறகு எந்தக் கேள்வி வந்தாலும் அவள் தலையைக் குனிந்து நின்றுவிடுவாள். வாத்தியார் அவளுக்கு மரமண்டை என்று பேர் வைத்தார். நானும் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

நாங்கள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வருஷம் அம்மா கொழுந்தெடுக்கும்போது மழையில் மலையிலிருந்து வழுக்கி விழுந்தாள். இடுப்பு போய்விட்டது. அவளுக்குப் பதில் கொழுந்தெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று, மலையில் வேலை வாங்கும் கங்காணி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டுல ஒண்ண அனுப்பு. பெரியது நோஞ்சானா இருக்கு. சின்னது நல்லா வளந்திருக்கே, கூடை தாங்கும்" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் சின்னது. அக்காவைவிட அரை அடி உயரம்.

"படிப்பு எதுக்கு ஏறுதோ அது ஹாலிஎலைக்குப் படிக்கப் போவட்டுங்க. மத்தது மலைக்கு வரட்டும். வாத்தியார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் அப்பா. ஹாலிஎலையில்தான் ஆறாம் வகுப்பு இருந்தது. எங்கள் லயத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையும் அதுவரை அங்கே போனதில்லை.

வாத்தியாரிடம் கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார். "கூட்டிக்கொண்டு வாரும், வாய்ப்பாடு கேட்டுப் பாப்பம்" என்றாராம்.

மறுநாள் காலையில் படியேறும்போது அக்கா வழக்கம்போல் ஆரம்பிக்கவில்லை. பாதிப் படியில் நின்றாள்.

"இன்னைக்கு நான் சொல்லுவேன்டி" என்றாள்.

"என்னத்த?"

"கேட்டா சொல்லுவேன். எனக்கும் படிக்கணும் புள்ள."

அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். அவள் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் தெரியும் என்றாகிவிடும். இரண்டு பேருக்கும் தெரிந்தால் கூடை தாங்கும் உடம்பு யாருடையதோ அவள்தான் மலைக்குப் போவாள். மிச்சப் படிகளை நான் பேசாமல் ஏறினேன். மேல்படிக்குப் போவதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

மதியம் வேலை முடிந்து அப்பா வந்தார். தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். கால் முழுக்க அட்டைக்கடி, ரத்தம் இன்னும் காயவில்லை. வாத்தியார் எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டார். முதலில் நான், பக்கத்தில் அக்கா.

"பதின்மூண்டேழு எத்தினை?"

தொண்ணூற்றொன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

வாத்தியாருக்கே ஆச்சரியம். "என்ன, நாக்கை விழுங்கிப் போட்டியோ?" என்றார். அவர் அக்காவைப் பார்த்தார். "நீ சொல்லு."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு மெல்லத் தலையைக் குனிந்தேன், குட்டுவதற்கு வாகாக. அவ்வளவுதான் நான் செய்தது. அவள் பதிலைச் சொன்னால் என்னைக் குட்ட வேண்டும். அப்பா முன்னால், அவள் தூக்கி வளர்த்த தலையில் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால் வாத்தியார் எழுந்து வந்து குட்டிக் காட்டுவார்.

"தொண்..." என்றாள் அக்கா. அது எனக்குக் கேட்டது. வாத்தியாருக்குக் கேட்டதா என்று தெரியாது. அப்புறம் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, திரும்ப உன்னட்டைத்தான் வாறன்" என்று வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"தொண்ணூத்தொண்ணு ஐயா" என்றேன், இப்போதுதான் ஞாபகம் வந்தவள் மாதிரி.

"குட்டு அவளை."

அக்கா என்னைவிடக் குள்ளம். குனிய வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் குனிந்தாள். மெதுவாகக் குட்டியிருக்கலாம், வாத்தியாரிடம் ஒரு குட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுவிரல் மூட்டைத் துருத்தி வைத்துக்கொண்டு ஓங்கிக் குட்டினேன். சத்தம் கதவு வரை கேட்டிருக்கும். அப்பாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ஒரு மகளாவது தேறினாள் என்ற சிரிப்பு.

"அப்ப சின்னதையே படிக்க வைக்கிறேங்க" என்றார் வாத்தியாரிடம்.

வீட்டுக்கு இறங்கும்போது அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே விழித்தேன் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வாய்ப்பாட்டை எனக்கு ஏற்றியவளே அவள்தானே. என் சிலேட்டையும் அவளே சுமந்தாள். மறு வாரம் விடியற்காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அம்மாவின் இடத்தில் அவள் நின்றாள். அம்மா இடுப்பில் கட்டும் படங்குச்சாக்கு அவளுக்குக் கணுக்கால் வரை இருந்தது. நான் ஹாலிஎலைக்குப் போனேன். அங்கே யாரும் யாரையும் குட்டவில்லை. முதல் மாதம் எனக்கு அது சப்பென்று இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு லீவு நாளில் அக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகச் சொல்லி அம்மா என்னை மலைக்கு அனுப்பினாள். அக்கா தேயிலை நிரையில் நின்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையோடு அவள் எதிரில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பேச வேறொன்றும் கிடைக்காமலோ, இல்லை வேறு எதற்காகவோ, நான் கேட்டுவிட்டேன்.

"அக்கா, பதிமூணேழு எத்தனை?"

அவள் கை நிற்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஓரேழு, ஈரேழு என்று அடிப்படியிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தது. எட்டேழில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். திரும்பவும் அங்கேயே நின்றாள்.

"மறந்து போச்சு புள்ள" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அவளுக்குத் தெரியும் என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை, அவளே கூட இல்லை. அதை நினைக்கும்போது இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அவள் சிரித்துக்கொண்டே தலையிலிருந்து கூடைக்கயிற்றை எடுத்தாள். துண்டும் கூடவே நழுவியது. என் முன்னால் குனிந்தாள். கயிறு அழுத்தி அழுத்தி உச்சியில் முடி தேய்ந்து தோல் தெரிந்தது. நான் குட்டிய இடமும் அதுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"குட்டிட்டுப் போடி" என்றாள் அக்கா, குனிந்தபடியே. "கங்காணி வாறதுக்குள்ள."