போயிட்டாரு

கார் பந்தய வீடியோ கேமை வைத்து ஒரு கூட்டத்தைக் கட்டிக் காப்பாற்ற முடியுமா என்று இணையத்தில் எப்போதும் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடியும், முடியாது என்று அடித்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் "ஏன் முடியாது?" என்று பக்கம் பக்கமாக எழுதியவன்தான். இப்போது யாராவது கேட்டால் வாயை மூடிக்கொள்கிறேன். கூட்டத்தைக் கட்டியவனும் நான், கலைத்தவனும் நான். எந்த மூஞ்சியோடு பேசுவது?

எனக்கு ஆந்திர எல்லையில் பிச்சாட்டூர். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கிற வேலை. நாங்கள் ஆடியது திறந்த உலக விளையாட்டு. பந்தயத் தடம் மட்டும் இல்லை, ஒரு வெளிநாடே உள்ளே இருக்கும். மலை, கடற்கரை, வயல், நெடுஞ்சாலை என்று பந்தயத்துக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். அதற்குள் கிளப் ஒன்று தொடங்கினேன். நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர், திருப்பதி என்று பதினோரு பேர் சேர்ந்தோம். எல்லாம் ஒரு பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிக்கிற ஆட்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மலையடிவார நாற்சந்தியில் கூடுவோம். அந்த அயல்நாட்டு மலைக்கு எங்கள் பக்கத்து மலையின் பெயரையே வைத்தோம், நகரி மூக்கு. அங்கிருந்து வரிசை கட்டிக் கடல் வரைக்கும் போவோம். ஹெட்போனில் ஊர்க்கதை ஓடும்.

பதினோரு பேரில் மூத்தவர் கார்வேட்டிநகரத்துப் பக்கத்துக்காரர். இருபது வருஷம் லாரி ஓட்டியவர். வண்டி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கட்டிலிலேயே கிடந்தார். யாரோ உறவுக்காரர் கொடுத்த, டிவியில் மாட்டி ஆடுகிற பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று கால்மாட்டில் இருந்தது. ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாம் விரலிலேயே இருக்கிறது என்று தெரிந்த நாள் மனுஷர் அழுதாராம். அவரே சொல்லிச் சிரித்தார். "கால் வேணான்றான் பாரு தம்பி, இவன்தான் மொதலாளி!"

அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே. அந்த நாட்டில் வலப்பக்கம் போக வேண்டும். இவர் இடப்பக்கம்தான் போவார். எதிரே வருகிற கார் எல்லாம் வந்து மோதும், இவர் அவர்களைத் திட்டுவார். ஐந்நூறு குதிரைத்திறன் வண்டியை நாற்பதில் ஓட்டுவார். இளசுகள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். அவருக்கு வாரம் என்றால் அந்த ஞாயிறு நாலு மணிதான். மற்ற ஆறு நாளும் கூரையைப் பார்த்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அப்புறம் அந்த விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. புது நாடு, புது வண்டிகள். ஒவ்வொருவராக மாறினார்கள். மாறியவனை "அவன் போயிட்டான்" என்போம். அதற்கு எங்கள் கிளப்பில் வேறு சொல்லே கிடையாது. தெலுங்குக்காரர்கள் "போயாடு" என்பார்கள், அதுவும் அதேதான். அதைக் கிண்டலாக்கியவர் லாரிக்காரர்தான். "இன்னாப்பா, சத்தியவேட்டுக்காரனும் பூட்டானா? கருமாதிக்கு நாள் குறிங்க. வட பாயசத்தோட போடணும்." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் அவருடைய பழைய பெட்டியில் புதுப் பதிப்பு ஓடாது. போக நினைத்தாலும் அவரால் போக முடியாது.

பதினோரு பேர் ஆறாகி, ஆறு மூன்றானது. ஒரு நாள் என்னிடம் தனியாகப் பேசினார். "தம்பி, யாரு போனாலும் பரவால்ல. நீ மட்டும் இருந்தா போதும். ரெண்டு வண்டி இருந்தாலே அது வரிசதானே?"

"நான் எங்க அண்ணா போவப் போறேன்," என்றேன்.

அடுத்த மாதமே போனேன். புதியதில் மழை பெய்தால் கண்ணாடியில் நீர் வழிவது தெரிகிறது என்றார்கள். அற்பப் புத்தி, வேறென்ன! அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஞாயித்துக்கெழம டூட்டி போட்டுட்டாங்கண்ணா," என்றேன். அடுத்த வாரமும் டூட்டி, அதற்கடுத்த வாரமும் டூட்டி. நாலு மணிக்கு நான் புது நாட்டின் மழையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. லாரிக்காரர் சார்பில் அதில் தட்டுவது இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படிக்கிற அவர் மகள். தமிழ்தான் பேசுவாள். ஆனால் படித்தது தெலுங்கு மீடியம் என்பதால் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவாள். அப்பாவை நைனா என்பாள். "நைனா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு, வந்ததும் சொல்றேன்." "நைனா தூங்கிட்டாரு." இப்படித்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலை கேன்டீனில் பொங்கல் தின்றுகொண்டிருந்தேன். குழுவில் அவளுடைய செய்தி வந்தது. "நைனா போயிட்டாரு."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

திருப்பதியில் செல்போன் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் முதலில் பாய்ந்தார். "அவருமா! புதுப் பெட்டி வாங்கிட்டாரா? கருமாதி எப்போ? சாப்பாடு உண்டுதானே?" கூடவே ஒரு வரிசைச் சிரிப்புப் பொம்மைகள்.

அவள் பதில் போட்டாள். "பதினாறாம் நாள் ஞாயித்துக்கெழம வருது. சாப்பாடு இருக்குது. எல்லாரும் வாங்க."

சிரிப்புப் பொம்மைகள் இன்னும் நாலைந்து வந்தன. அப்பனுக்கேற்ற மகள் என்று நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு. அவரே மாறிவிட்டால் நான் பொய் சொன்னது பெரிய குற்றமில்லையே! அந்த நிம்மதியில் எழுதினேன்: "சொல்லாம கொள்ளாம போயிட்டாரு பாத்தியா! அங்க எங்களுக்கும் ஒரு எடம் புடிச்சு வெக்கச் சொல்லும்மா."

அதற்கு அவள் பதில் எழுதவில்லை.

அந்த ஞாயிறு நாலு மணிக்குப் புதியதில் அவர் பெயரைத் தேடினேன். அப்படி ஒரு பெயரே இல்லை. பழையதைத் திறந்தேன். நகரி மூக்கு அடிவாரத்தில் என் வண்டி மட்டும் நின்றது. கிளப் பட்டியலில் அவர் கடைசியாக வந்தது பதினாலு நாளுக்கு முன்னால் என்று காட்டியது. ஒரு ஞாயிறு விடாமல் வருகிற மனுஷர். குழுவை எடுத்து மறுபடி படித்தேன். எல்லோருடைய செய்தியிலும் சிரிப்புப் பொம்மை இருந்தது. அவளுடையதில் இல்லை. 

அவர் எண்ணுக்கு அடித்தேன். ஒரு பொம்பளைக் குரல், "யாருங்க?" என்றது.

"அக்கா, அண்ணா இருக்காரா?"

"அவரு பூட்டாரேப்பா," என்றார் அவர் மனைவி. "முதுகுல புண்ணு சீழு வெச்சிக்கினு, ஜொரம் வந்து… சனிக்கெழம, நேத்தோட எட்டு நாளாச்சு. பாப்பா உங்களுக்கெல்லாம் சொன்னேன்னு சொல்லிச்சே?"

பிறகு குழுவில் எழுதினேன். போயிட்டாரு என்று எழுதவில்லை. "இறந்துட்டாரு. நெஜமா இறந்துட்டாரு." ஏழு பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். செல்போன் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெளியேற முடிகிறதே என்று பொறாமையாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் புத்தூர் போய், அங்கிருந்து கார்வேட்டிநகரம் பஸ் பிடித்துப் போனேன். கிளப்பிலிருந்து நான் ஒருவன்தான். காரியம் முடிந்து பந்தி போட்டிருந்தார்கள். ஒதுங்கி நின்றவனை யாரோ கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். வடை, பாயசம், எல்லாம் இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

சோற்று வாளியோடு ஒரு பெண் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே அவள்தான் என்று தெரிந்தது. மாலை போட்ட படத்தில் இருந்த அவர் முகமேதான்.

"நீங்க கேம் ஆடறவங்களா?"

"ஆமாம்மா."

"சாப்பாடு உண்டான்னு கேட்டது நீங்களா?"

"இல்லம்மா. எடம் புடிச்சு வெக்கச் சொன்னேனே, அவன். தெரியாம எழுதிட்டேன்மா. அவரு புது கேமுக்கு மாறிட்டாருன்னு நெனச்சிக்கினேன். என்ன செருப்பால அடி."

அவள் திட்டியிருந்தால் தேவலை. இலையில் சோறு போட்டாள். "பெரியப்பாதான் உங்கள வெட்டறேன்னு குதிச்சாரு. எனக்குத் தெரியும் சித்தப்பா, நைனாவே அப்படித்தான பேசுவாரு," என்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கடைசி ரெண்டு வாரம் கையி தூக்க முடியல அவரால. ஞாயித்துக்கெழம நான்தான் வண்டிய அந்த மலகிட்ட கொண்டாந்து நிறுத்துவேன். இருட்டற வரைக்கும் டிவியையே பாத்துக்கினு இருப்பாரு. யாருமே வரல. அம்மா திட்டுச்சு, எல்லாரும் உன்ன உட்டுட்டுப் பூட்டாங்க, டிவிய அணைச்சிடுன்னு. தம்பி போவ மாட்டான், அவனுக்கு டூட்டின்னுட்டாரு."

நான் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நெஜமா டூட்டிதானே சித்தப்பா?"

அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

"ஆமாம்மா, டூட்டிதான்," என்றேன்.

"நானும் அதான் சொன்னேன், நைனா கிட்ட," என்றாள். எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.