பாண்டிச்சேரிக் காரும் ஒரு விரிப்பும்

சனிக்கிழமை வந்தால் காரின் சீட்டு விரிப்பைத் துவைப்பது ஞானசுந்தரியின் வேலை. பாத்திரம் தேய்க்க, வாசல் பெருக்கப் பூங்காவனம் வருவாள். ஆனால் விரிப்பை மட்டும் அவளிடம் கொடுப்பதில்லை. குடியாத்தத்தில் நெய்த கெட்டியான நீலப் போர்வை அது. நனைத்தால் கன்றுக்குட்டி கனம் கனக்கும். கிணற்றடிக் கல்லில் போட்டுச் சவுக்காரம் தேய்த்து, இரண்டு பக்கமும் அடித்து, முறுக்கிப் பிழிந்து, முகர்ந்து பார்ப்பாள். தோல் வாடை இன்னும் இருந்தால் மறுபடியும் கல்.

"துணி கிழிஞ்சி பூடும்மா. வாடை போவாது" என்பாள் பூங்காவனம்.

"நீ வேலையைப் பாரு."

விரிப்பைத் துவைக்க வேண்டாம் என்று அவள் கணவர் ஐசக்கே சொல்லிப் பார்த்துவிட்டார். டேனரி ஆள் சம்பத்துக்குக் கண் போன பிறகு இரண்டு மூன்று தடவை சொன்னார். அவள்தான் நிறுத்தவில்லை. இத்தனை நாள் செய்ததைத் திடீரென்று நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஆம்பூரில் அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் டேனரிக்கு ஐசக் மேனேஜர். டேனரிச் சுவரை ஒட்டியே வீடு. ஞானசுந்தரி ஊருக்குள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கார் அவர்களிடம் வந்ததே ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டுப் போன சமயம், ஊருக்குக் கப்பலேறிய ஓர் அதிகாரியிடம் சாயபு ஆசைப்பட்டு வாங்கிவந்தார். கருப்பு வண்டி. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஏறப் படி கிடையாது. முன்கதவு இரண்டும் மற்ற கார்களுக்கு நேர்மாறாகத் திறக்கும். ஸ்டியரிங் இடது பக்கம். கியர், முன்பலகையிலிருந்து குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். விளக்கு மஞ்சள். சாயபுவின் மனைவி அக்தரி பேகம் ஒரே ஒரு முறை ஏறி, பள்ளிகொண்டா வரை போய்த் திரும்பி வந்து இறங்கினாள்.

"வண்டி முன்னாடி போவுது, கதவு பின்னாடி போவுது. நமக்கு வேணாம் இந்த பேஜார்" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பேரணாம்பட்டிலிருந்த இன்னொரு டேனரிக்கும் இங்குமாக ஐசக் தினமும் அலைகிறவர். சாயபு சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வந்த வாரமே ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. பின்சக்கரம் சும்மா உருளுகிறது, முன்சக்கரம்தான் இழுக்கிறது என்று ஐசக் விளக்கியபோது, தோல் வண்டி ஓட்டும் சம்பந்தம் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"மாடு இன்னா பின்னாடி நின்னா தள்ளுது? முன்னாடி நின்னுதானே இழுக்குது? இதான் சார் சரியான வண்டி. மத்ததுதான் தப்பா செஞ்சிருக்கான்."

டயர் வாங்குவதற்குப் பாண்டிச்சேரிக்குத்தான் போக வேண்டும். அந்த அளவு டயர் வேலூரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு போல்ட் கழன்றாலும் பட்டறைக்காரன் தலையைச் சொறிவான். ஆனால் ஒன்று. ஸ்டார்ட் பொத்தானை இழுத்தால் வண்டி பிடித்துக்கொள்ளும். மழையோ பனியோ, முதல் இழுப்பிலேயே பிடிக்கும். அதில் ஐசக்குக்கு அப்படியொரு பெருமை.

ஞானசுந்தரிக்கு அந்த வண்டியில் ஒரு உத்தியோகமே இருந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால், முன்னால் போகும் மாட்டுவண்டியைத் தாண்டும்போது எதிரே வருவது ஐசக்குக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அவள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"போலாமா?"

"இருங்க, லாரி வருது."

"இப்போ?"

"ம்... போங்க. சீக்கிரம் போங்க."

"உங்க வீட்ல ஓட்றது அவரு, ஓட்ட வைக்கிறது நீங்க" என்று பள்ளிக்கூடத்தில் டோரதி டீச்சர் கேலி செய்வாள். ஞானசுந்தரிக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

ஒரே குறை, சீட்டு. சாம்பல் நிறக் கம்பளித் துணி தைத்த சீட்டு. சோபா மாதிரி மெத்தென்றிருக்கும். பேரணாம்பட்டு போகும்போதும் வரும்போதும் டேனரி ஆட்களை ஐசக் ஏற்றிக்கொள்வார். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை கம்பளிக்குள் இறங்கிவிட்டால் எடுக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பட்டுப்புடவையோடு அதில்தான் உட்கார வேண்டும். அதனால் அவள் ஒரு சட்டம் போட்டாள்: விரிப்பு விரிக்காமல் டேனரி ஆள் யாரும் ஏறக் கூடாது. ஐசக்கும் ஆட்களும் அதற்குப் பழகிப்போனார்கள். "டீச்சரம்மா போர்வை போட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

அன்றும் சனிக்கிழமைதான். நீலப் போர்வை ஈரத்தோடு கொடியில் தொங்கியது. ஐசக் பேரணாம்பட்டிலிருந்து சாப்பிட வந்து இலையில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அப்பால் கூச்சல். கல்சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு நீற்றிக்கொண்டிருந்த சம்பத்தின் வலக்கண்ணில் கொதிக்கும் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு நேராகக் கார் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

யாரோ ஒரு ஆள் குடத்தை எடுத்தான்.

"டேய், தண்ணி ஊத்தாதடா! சுண்ணாம்பு மேல தண்ணி பட்டா இன்னா ஆவும்னு தெரியாது? கண்ணு வெந்துடும்!" என்று மேஸ்திரி பரந்தாமன் அவன் கையைத் தட்டிவிட்டான். தினமும் தொட்டியில் தண்ணீர் பட்டுச் சுண்ணாம்பு பொங்குவதைப் பார்க்கிறவர்கள். அங்கே இருந்த ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஐசக்குக்கும் தோன்றவில்லை.

ஐசக் எச்சில் கையோடு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். சம்பத்தின் சட்டை, கை, தலைமுடி எல்லாம் சுண்ணாம்பும் தோலிலிருந்து கழன்ற மயிரும் அப்பிக் கிடந்தன.

"ஒரு நிமிஷம் இருங்க, விரிப்பு எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் ஞானசுந்தரி.

கொடியில் இருந்தது ஈரம். உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். மேலாக இருந்தது அவள் தங்கை பூ வேலை செய்து கொடுத்த வெள்ளை விரிப்பு. அதைக் கையில் எடுத்தாள். எடுத்து, திரும்ப வைத்தாள். அடியில் ஒரு பழைய சிவப்புப் போர்வை இருக்க வேண்டும். மேலே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துத் தேடினாள். கிடைத்ததைக் கொண்டுவந்து சீட்டின் மேல் விரித்து, வழுக்காமல் இருக்க ஓரத்தை உள்ளே செருகினாள். அந்தப் பக்கம் போய் அங்கேயும் செருகினாள்.

வெளியே சம்பத் கதறிக்கொண்டிருந்தான். சோறு கொண்டுவந்திருந்த அவன் மனைவி பூவம்மாள் பித்துப் பிடித்தவள்போல் நின்றிருந்தாள். சுண்ணாம்பில் இறங்கும் முன் ஆட்கள் கையில் தடவிக்கொள்ள விளக்கெண்ணெய் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். "எண்ணெயாச்சும் விடு தாயி, குளுமையா இருக்கும்" என்று யாரோ அதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். புருஷன் தலையை மடியில் கிடத்தி அவள் கண்ணை விரித்து எண்ணெய் விட்டாள். அவள் விட்டு முடித்த பிறகுதான் ஞானசுந்தரி விரித்து முடித்தாள்.

பொத்தானை இழுத்தார் ஐசக். முதல் இழுப்பிலேயே பிடித்தது.

வேலூர் வரைக்கும் ஞானசுந்தரி எட்டிப் பார்த்துப் பார்த்து, "போங்க... போங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வர வெகுநேரமாயிற்று. அதற்குள் சம்பத்தின் தாய் கங்கம்மாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். "வூட்டு வாசல்ல காரு நின்னுச்சே, ஏன் இவ்ளோ நேரம்?" என்று அவள் ஐசக்கைக் கேட்டாள்.

"ஸ்டார்ட் ஆவலம்மா. பிரெஞ்சு வண்டி. சில சமயம் மக்கர் பண்ணும்."

அவர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். அவளும் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டருக்குத் தமிழ் வராது. ஞானசுந்தரியிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்தக் கண் தேறாது. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும், எண்ணெய் விட்டது தப்பு. ஆனால் அதைவிடப் பெரிய தப்பு தாமதம், சுண்ணாம்பு விழுந்த கண்ணுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்று அவரும் கேட்டார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவர் போய்விட்டார்.

"இன்னா சொல்றாரு டீச்சரம்மா?" என்றாள் கங்கம்மாள்.

ஞானசுந்தரி வாயைத் திறந்தாள். "ஒரு கண்ணு தேறாதாம். எண்ணெய் விட்டது தப்பாம்."

அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தையும் சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் கங்கம்மாள் மருமகள் பக்கம் திரும்பிவிட்டாள். "பாவி! எம்புள்ள கண்ண நீதாண்டி அவிச்சே!"

அன்று வீடு திரும்பும் வழியில், மாதனூர் தாண்டியதும், ஞானசுந்தரி கேட்டாள்: "வண்டிமேல ஏன் பழியைப் போட்டீங்க?"

"பின்ன? எம் பொண்டாட்டி அலமாரியில போர்வை தேடினாள்னு சொல்லணுமா? வண்டிக்கு வாயா இருக்குது, இல்லேன்னு சொல்ல?"

"நான் டாக்டர் சொன்னதுல பாதியத்தான் சொன்னேன்."

"தெரியும். நானும் பக்கத்துலதான் நின்னேன்."

முன்னால் ஒரு மாட்டுவண்டி போனது. "போலாமா?" என்று ஐசக் கேட்டார். அவளுக்கு எதிர்ச்சாலையைப் பார்க்கத் தோன்றவில்லை. வண்டி வீடு வரும்வரை அந்த மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்தது.

சாயபு சம்பத்துக்கு, டேனரிக்கும் மேனேஜர் வீட்டுக்கும் பொதுவான கேட்டில் காவல் வேலை கொடுத்தார். காருக்கோ கெட்ட பெயர் நிலைத்துவிட்டது. கடைத்தெருவில் வண்டியைக் கண்டால் பையன்கள், "தள்ளணுமா சார்?" என்பார்கள். சம்பந்தம் ஒரு நாள் கயிறு கொண்டுவந்து, "வச்சிக்குங்க சார், என் மாடு ரெண்டும் சும்மாதான் நிக்கிது" என்றான். ஐசக் சிரித்து வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டார். அவர் ஆசை ஆசையாய்த் துடைக்கிற வண்டி அது. அந்தக் கயிறு உள்ளே கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஞானசுந்தரி டிக்கியை மூடிவிடுவாள். கேட்டைத் திறந்துவிடும்போது சம்பத் ஒற்றைக் கண்ணோடு சலாம் வைப்பான். "உங்க காரு இல்லேன்னா இன்னொரு கண்ணும் பூட்டிருக்கும் டீச்சரம்மா" என்பான். அவள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போக ஆரம்பித்தாள். உடம்புக்கு நல்லது என்று டோரதியிடம் சொன்னாள்.

இந்தச் சனிக்கிழமை நீலப் போர்வையைக் கொடியில் போட்டுக் கையைத் துடைக்கும்போது பூவம்மாள் வந்தாள். கையில் துணி மூட்டை. அக்குளில் மடித்த சிவப்புப் போர்வை.

"உள்ள வா" என்றாள் ஞானசுந்தரி.

கூடத்தில் பூவம்மாள் உட்காரவில்லை. மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டு, போர்வையை மேஜை மேல் வைத்தாள். "ஆஸ்பத்திரியிலேயே வுட்டுட்டு வந்துட்டீங்க. துவைச்சேன். சுண்ணாம்புக் கறை போவல, மன்னிச்சிக்குங்க."

"அதுக்கென்ன. எங்க கிளம்பிட்டே, மூட்டையோட?"

"குடியாத்தம். எங்கம்மா வூட்டுக்கு. மாமியா போவச் சொல்லிடுச்சி. கண்ண அவிச்சவ கையால சோறு வேணாமாம்."

"சம்பத் என்ன சொல்றான்?"

"அது ஒண்ணும் சொல்லல. அதான்..." பூவம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள ஒண்ணு கேக்கலாமா? டாக்டரு இங்கிலீஷ்ல பேசினது உங்களுக்குத்தான் புரிஞ்சுது. எண்ணெ மட்டுந்தான்னாரா? வேற எதுனா சொன்னாரா? நேரமாச்சேன்னு எதுனா... வண்டி ஒடனே கெளம்பியிருந்தா நான் டப்பாவத் தொட்டே இருக்க மாட்டேன் டீச்சரம்மா. நீங்க வந்து மாமியாகிட்ட ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்கும். உங்க வார்த்தைக்கு மறுபேச்சு கெடையாது."

சொல்ல வேண்டியது ஞானசுந்தரியின் நாக்கு நுனி வரை வந்தது. நான்தான் போர்வை தேடினேன். வெள்ளையைத் திரும்ப வைத்துவிட்டுப் பழசைத் தேடினேன். இதில் என்ன கஷ்டம்? இங்கிருந்து சம்பத் வீடு கூப்பிடு தூரம்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சொன்னால், இவள் மூட்டையை அவிழ்த்துவிடலாம். ஆனால் அதன் பிறகு எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டில் சம்பத் நிற்பான். சாயபுவுக்குத் தெரிந்துவிடும். டோரதிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பின்பெஞ்சு வரைக்கும் தெரியும். அவள் சிவப்புப் போர்வையின் மடிப்பைத் தடவிக்கொண்டே நின்றாள். நன்றாக மடித்திருந்தாள் பூவம்மாள், ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

வெளியே ஐசக் பேரணாம்பட்டு கிளம்பிக்கொண்டிருந்தார். காரின் கதவு சாத்தும் சத்தம். அப்புறம் பொத்தானை இழுத்தார். ஒரே இழுப்பு. வண்டி பிடித்துக்கொண்டு சீராக உறுமியது.

பூவம்மாள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஞானசுந்தரியின் கையைப் பார்த்தாள். கை இன்னும் போர்வையின் மேல்தான் இருந்தது.

"ஒரே தபாவுல புடிச்சிக்கிச்சே" என்றாள். "அன்னிக்கும் இப்படித்தானே டீச்சரம்மா? நான் வாசல்லதானே நின்னேன். அதுக்கு முன்னாடி நீங்க உள்ள எதுக்குப் போனீங்க?"

கார் கேட்டைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. சம்பத் கேட்டை இழுத்துச் சாத்தினான்.

ஞானசுந்தரி சிவப்புப் போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தாள். பூவம்மாள் குனிந்து மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தை விட்டு வெளியே போனாள்.