பட்டியலில் சரோமின் பெயர்

கம்போடியாவில் சியம் ரீப் நகருக்கு வெளியே இருந்த குழந்தைகள் விடுதி ஒன்றில் கிம்லாங் ஒன்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் அங்கே சமையல். பேன் எடுப்பது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் அவள்தான். முப்பத்தொரு பிள்ளைகளில் ஆறு பேருக்குத்தான் உண்மையில் பெற்றோர் இல்லை. மற்றவர்களை, சோறும் படிப்பும் கிடைக்கட்டும் என்று பெற்றவர்களே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஆனால் வெளிநாட்டு உதவி அனாதைகளுக்குத்தான் வந்தது. அதனால் வருகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கிம்லாங் பழக்கினாள்.

மாலிஸுக்கு அப்போது ஏழு வயது.

"அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லணும், சரியா?"

"சாகலையே சித்தி. வாத்து மேய்க்கிறாங்க."

"சும்மா சொல்றதுதான்டி."

"அப்ப வாத்தெல்லாம்? அதுவும் செத்துடுச்சா?"

நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு வருடம் வந்தவர்களிடமெல்லாம் அம்மா செத்துவிட்டதாக அவள் சொன்னாள். பிறகு வாத்துகளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

இறந்தவர்களுக்குச் சோறு படைக்கும் பிச்சும் பென் வந்தது. உதவி செய்யும் வெளிநாட்டு விருந்தினர்கள் அதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பிள்ளைகளுடைய பெற்றோரின் பெயர்களைப் பிக்குவிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேலாளர்.

"உயிரோட இருக்கிறவங்க பேரையா?" என்றாள் கிம்லாங்.

"யாரு வந்து கேக்கப்போறா? ஆவியா?"

எழுதிக் கொடுத்தாள்.

அன்றைக்கென்று மாலிஸின் அம்மா சரோம் மகளைப் பார்க்க வந்தாள், வாழையிலையில் கட்டிய அரிசிப் பலகாரத்தோடு. எல்லோரும் விகாரைக்குப் போயிருக்கிறார்கள் என்று விடுதியில் சொன்னார்களாம். அங்கே வந்து கடைசி வரிசையில் அமர்ந்தாள். பிக்கு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, அவள் பெயரையும் ஊரையும் படித்தார். சரோம் கூப்பிய கையை இறக்கவில்லை. முன்னால் மாலிஸ் கண்ணை மூடிக்கொண்டு பாத்திரத்தில் சோறு வைத்தாள். அவள் கன்னத்தில் வழிந்தது நிஜமான கண்ணீர். அதை யாரும் பழக்கவில்லை.

வெளியே வந்ததும் சரோம் மகளைக் கூப்பிட்டாள். மாலிஸ் கிம்லாங்கின் பின்னால் ஒளிந்தாள்.

"சித்தி, அம்மா மாதிரியே இருக்கு."

"நான்தான்டி. தொட்டுப் பாரு."

மாலிஸ் தொடவில்லை. சரோம் கிம்லாங்கைப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கும்போல. சாமி தடுமாறாமப் படிச்சாரு," என்றாள். அவ்வளவுதான். அலறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரமே கிம்லாங் வேலையை விட்டாள். நான் விடவில்லை, விடுதியை மூடும்வரை இருந்தேன். பிறகு அவளுடனேயே, பிள்ளைகள் வீட்டிலேயே வளர அரிசியும் நோட்டுப் புத்தகமும் கொண்டுபோய்க் கொடுக்கிற குழுவில் சேர்ந்தேன். கிம்லாங் எல்லா ஊருக்கும் போவாள். சரோமின் ஊருக்கு மட்டும் வேறு யாரையாவது அனுப்புவாள். போன மழைக்காலத்தில் அனுப்ப ஆளில்லை. மன்னிப்புக் கேட்கப் போவதாக வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சரோம் பாய் விரித்து மீன் குழம்பு ஊற்றினாள். மாலிஸுக்குப் பத்து வயதாகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் தாயின் சட்டை நுனியைப் பிடித்தவள் விடவேயில்லை.

"இப்பவும் நான் கண்ணசந்தா மூக்குக்கிட்ட விரலை வைக்கிறா," என்றாள் சரோம். "'இருக்கேன்டி'ன்னு சொன்னாலும் எடுக்க மாட்டா. சாப்பிடுங்க, ஆறுது."

கிம்லாங் சாப்பிட்டு எழுந்தாள். அரிசி மூட்டையை இறக்கி வைத்தாள். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

அடுத்த மாதமும் அவளேதான் போனாள். இன்றுவரை போய்க்கொண்டுதான் இருக்கிறாள். இன்னும் கேட்கவில்லை.