மண்டோர் அக்காவின் முதல் ஊசி

வட்டமான சின்ன பிளாஸ்டர் அது. மண்டோர் அக்காவின் இடது தோளுக்குச் சற்றுக் கீழே அது ஒட்டியிருந்ததைப் பார்த்த திங்கட்கிழமைக் காலை எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. ஈப்போவில் நாங்கள் வேலை பார்த்த பிஸ்கட் தொழிற்சாலையின் கேன்டீனில், ஆளுக்கு ஒரு மீட்டர் தள்ளிப் போட்டிருந்த நாற்காலிகளில், முகக்கவசத்தோடு வேலை மணிக்காகக் காத்திருந்தோம். அக்கா நடுவில் வந்து நின்றார். நீலச் சீருடையின் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எல்லோருக்கும் காட்டினார். "சனிக்கிழமையே போட்டாச்சி. ஒண்ணுமே இல்லலா. எறும்பு கடிச்ச மாதிரி" என்றார். பிளாஸ்டரின் மேல், பெட்டிகளுக்கு ஒட்டுகிற கண்ணாடி டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பிளாஸ்டரின் விளிம்பில் இரண்டு நரைத்த சுருள் முடிகள் சிக்கியிருந்தன. இரண்டையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மண்டோர் என்பது அவர் அப்பாவின் வேலை. சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் அப்பா ஐம்பது பேரை விடியற்காலையில் பிரட்டு என்னும் ஆள்கணக்குக்கு வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்பியவர். தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் போய், வீடுகள் வந்து வெகு காலமாகிவிட்டது. ஆனால் அந்தக் குரல் மட்டும் மகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பொட்டலப் பிரிவுக்குத் தலைவி அவர்தான். தொழிற்சாலைப் பேருந்தில் யார் ஜன்னலோரம் உட்கார வேண்டும், யார் மகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், யார் புருஷனை எத்தனை நாள் பேசாமல் தண்டிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் முடிவாகும். நான் அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கும் கிராணி. பதவிப்படி நான் அவருக்கு மேல். "கிராணியம்மா, இங்க வா" என்று அவர் ஒரு விரலை அசைத்தால், நான் எழுந்து போய்க்கொண்டிருப்பேன்.

கொரோனா தடுப்பூசி என்ற பேச்சு வந்தபோது எங்கள் பெண்கள் எல்லோரும் கைபேசி வழியாக மருத்துவம் படித்து முடித்திருந்தார்கள். லேபல் ஒட்டும் பிரிவில் இருந்த ஒருத்திக்கு எங்கிருந்துதான் காணொளிகள் வருமோ தெரியாது. போட்டவர்கள் இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள் என்பாள். மறுநாள் வந்து, போகமாட்டார்கள், ஆனால் உடம்பில் காந்தம் ஏறிவிடும் என்பாள். அக்கா பிளாஸ்டரைக் காட்டிய அன்று அவள் விடவில்லை. கேன்டீனிலிருந்து ஒரு தேக்கரண்டியை எடுத்து வந்து, "அப்ப இத வச்சிப் பாக்கலாமாக்கா?" என்றாள். அக்கா கையை நீட்டினார். கரண்டியை வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. "அலாமாக்!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா அசரவில்லை. கரண்டியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். "மார்ஜரின்டி! கழுவாத கரண்டிய எடுத்தாந்து வச்சா ஒட்டாம என்னா செய்யும்?" என்று சொல்லி, கரண்டியையும் கையையும் துடைத்து, ஒரு பிடி மைதா மாவைத் தோளில் தேய்த்துக்கொண்டு, "இப்ப வைய்யி" என்றார். கரண்டி டங்கென்று தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் பாதிப் பேருடைய பயம் போய்விட்டது. ஊசியே போட்டுக்கொள்ளாத ஒரு கையில்தான் அந்தச் சோதனை நடந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

சிரிப்பாக எழுதிக்கொண்டு போகிறேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்னால்தான், பொட்டல மேசையில் அக்காவுக்கு எதிரே பதினோரு வருடம் உட்கார்ந்து வேலை செய்த ஒரு பெண் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துப் போனார். மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. அடக்கத்துக்குக்கூட யாரும் போக முடியவில்லை. அந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்க அக்கா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நம்மில் ஒருத்திகூட ஊசி போடாமல் இருக்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றது அதற்குப் பிறகுதான்.

தொழிற்சாலை நிர்வாகம் ஒரு நாளைக் குறித்து, பேருந்தும் ஏற்பாடு செய்தது. பெயர் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் வாரம் நான்கு பேர் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டர் காட்டிய வாரத்தில் அது முப்பத்து நான்கானது. பிசைமாவுப் பிரிவில் இருந்த பெரியம்மா, எங்களில் மூத்தவர், "என் பொணத்துக்குப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அவரே ஐசி அடையாள அட்டையை நீட்டி, "மண்டோரு மக போட்டுக்கிட்டான்னா எழுதிக்கம்மா" என்றார். என் பெயரையும் அன்றுதான் எழுதினேன். எனக்கும் பயம்தான். அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவள் பயப்படுகிறாள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களின் கைபேசியில் வந்த பதிவை நான் பார்த்து எழுத வேண்டும் என்றார்கள். அக்காவிடம் கேட்டேன். கைபேசி மகனிடம் இருக்கிறது என்றார். மறுநாள், தண்ணீரில் விழுந்துவிட்டது, அரிசியில் புதைத்து வைத்திருக்கிறேன் என்றார். மூன்றாம் நாள் நான் அந்த எண்ணுக்கு அழைத்தேன். அவருடைய சீருடைப் பைக்குள் அது உரக்கப் பாடியது. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, காலி டின்கள் அடுக்கியிருந்த சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் போடலலா" என்றார்.

அந்தக் குரலை அதற்கு முன் அவரிடம் நான் கேட்டதில்லை. அவருடைய கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். நோயாளி என்பதால் அவருக்கு முன்னதாகவே ஊசி போட்டுவிட்டார்கள். "எனக்கும் சேத்துப் போடுறேன்னுதான் கூப்புட்டாங்க. கக்கூசுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு, காடி நிறுத்துற எடத்துல போயி நின்னுக்கிட்டேன். இவரு கையில வாரத்துக்கு ஆறு ஊசி ஏறுது. இத்தன வருசத்துல ஒண்ணயாச்சும் நான் பாத்திருக்கேனா? செவுத்தப் பாத்துக்கிட்டே நிப்பேன்." பிளாஸ்டர் கணவருடையது. அவர் தூங்கும்போது உரித்து எடுத்திருக்கிறார். "நான் பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா இவளுங்க ஒருத்தியும் வர மாட்டாளுங்க. அங்கிட்டு ஒருத்தி போயிட்டா. இன்னொருத்திய அனுப்ப என்னால ஆவாது."

அந்த முடிகள் எனக்கு அப்போதுதான் புரிந்தன. கோபமும் வந்தது. பேனாவை எடுத்துப் பட்டியலில் என் பெயரை அடிக்கப் போனேன். "நீ அடிச்சா நான் போகவே மாட்டேன்" என்றார் அக்கா. "நீங்க போகலன்னா நான் எல்லாருக்கும் சொல்லிருவேன்" என்றேன் நான். டின்களுக்கு நடுவே இரண்டு கோழைகள் ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றோம். வேலை மணி அடித்தது. கடைசியில் முப்பத்தைந்தாவதாக அவர் பெயரை எழுதினேன். மற்றவர்களிடம் அவர் துணைக்கு வருவதாகச் சொல்வது, எல்லோரும் போட்டு முடித்த பிறகு ஓசைப்படாமல் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு நானும் உடந்தை. வெளியே சொல்லாமல் இருந்தது சரியா என்று அந்த வாரம் முழுதும் யோசித்தேன். சொன்னால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

குறித்த நாளில் பெரிய மண்டபம் ஒன்றில் எங்களை இறக்கிவிட்டார்கள். அக்கா வரிசை நெடுக நடந்து, "கைய தளர்வா வைய்யி, மூச்ச இழுத்து வுடு" என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினார். எனக்குப் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறப்பதற்குள் முடிந்துவிட்டது. போட்டவர்கள் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலிகள், ஊசி போடும் மேசைகளுக்கு நேர் எதிரே இருந்தன. இதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. முப்பத்து நான்கு பேரும் பார்வையாளர்களைப்போல உட்கார்ந்திருக்க, அக்கா தனியாக நடந்து போய் மேசைக்கு முன் அமர்ந்தார்.

"இவங்க எதுக்கு அங்க போறாங்க? ரெண்டாவதா?" என்றாள் லேபல்காரி.

ஊசி போடும் மலாய்க்கார மிஸ்ஸி சின்னப் பெண். மருந்தை உறிஞ்சி, எல்லோருக்கும் காட்டியதுபோல் ஊசியை அக்காவின் கண்முன் உயர்த்திக் காட்டினாள். அக்கா அதைப் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல், சாக்கு மூட்டை சரிவதுபோல், நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் படுத்துவிட்டார். மிஸ்ஸி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பெலும் சூச்சோக் லாகி! பெலும் சூச்சோக்!" என்று அலறினாள். இன்னும் குத்தவே இல்லை என்கிறாள். நாங்கள் ஓடினோம். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அக்கா கண் திறந்தார். மிஸ்ஸி பயத்தில் தாளைப் பார்த்து, இதுதான் இவருக்கு முதல் ஊசி, மனத்தைத் தேற்றுங்கள் என்று மலாயில் எங்களைக் கேட்டுக்கொண்டாள். அதைப் புரிந்துகொள்ளாதவர் எங்களில் யாரும் இல்லை.

பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "நீ போடாமலா என்னைய இழுத்தாந்த?"

அக்கா தரையிலிருந்தபடியே தலையை ஆட்டினார். "பயமா இருந்துச்சி பெரியம்மா" என்றார். அழுதார். அப்பா இறந்தபோதுகூட அவர் அழுது பார்த்ததில்லை என்று சுங்கை சிப்புட் பெண்கள் பின்னால் சொன்னார்கள். பெரியம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, அக்காவைத் தூக்கி உட்கார வைக்கச் சொல்லி, அவர் தலையைத் தம் தோளில் அழுத்திக் கண்ணைக் கையால் பொத்தினார். "மிஸ்ஸி, சூச்சோக்! நான் புடிச்சிருக்கேன்" என்றார். அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் பாதி வழியில் லேபல்காரி என் பக்கம் திரும்பி, "ஒனக்குத் தெரியும்லா?" என்றாள். தெரியும் என்றேன். "எங்க உயிருக்கு நீங்க ரெண்டு பேரும் யாரு முடிவெடுக்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம். அவள் எங்களோடு மூன்று வாரம் பேசவில்லை. இரண்டாவது ஊசிக்கு அவளாகவே வந்தாள். வந்து, எல்லோருக்கும் முன்னால் அக்காவைத்தான் உட்கார வைக்க வேண்டும், என் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் போட்டுக்கொள்வேன் என்றாள். அக்கா மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். பெரியம்மா ஒரு கண்ணைப் பொத்த, லேபல்காரியே மறு கண்ணைப் பொத்தினாள். அன்று மயக்கம் இல்லை, அலறல் மட்டும்தான்.

இப்போது அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கணவர் இன்னும் வாரம் மூன்று நாள் போய் வருகிறார். "எனக்கு ஆறு, இவளுக்கு ஆயுசுக்கே ரெண்டு. அதுக்கு ஊரையே கூட்டிட்டா" என்று யார் வந்தாலும் சொல்வார். போன மாதம் அக்கா எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். வயதானவர்களுக்குச் சளிக்காய்ச்சல் ஊசி போடுகிறார்களாம், தனியாகப் போக முடியவில்லை, கையைப் பிடித்துக்கொள்ள நீ வர வேண்டும் என்று கெஞ்சினார். மனம் கேட்காமல், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் கிளினிக்குக்குப் போனேன். அங்கே பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் பழைய பொட்டலப் பிரிவிலிருந்து இன்னும் ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும், உன்னைத்தான் நம்பியிருக்கிறேன், வேறு யாரையும் கூப்பிடவில்லை என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மிஸ்ஸி வெளியே வந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் அக்காவின் பெயர். அடுத்து பெரியம்மாவின் பெயர். அதற்கடுத்து மற்ற ஐந்து பேரும், ஒருவர் விடாமல், வரிசையாக. அக்கா முன்கூட்டியே எல்லோருடைய ஐசி எண்ணையும் கொடுத்துப் பதிந்து வைத்திருந்தார். வயது போதாததால் நான் மட்டும் தப்பினேன்.

"அடிப் பாவி!" என்று பெரியம்மா எழுந்தார். அக்கா அதற்குள் உள்ளே போய்ச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவை மூட வந்த மிஸ்ஸியிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நாங்கள் ஏழு பேரும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, "எல்லாரும் நல்லா பாத்துக்கிட்டீங்களா?" என்றார். பார்த்தோம் என்றோம். பிறகுதான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மிஸ்ஸியிடம் போடச் சொன்னார்.