மூன்று பேருக்குக் கேதம்

சாரம்மாளுக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். பாளையங்கோட்டையில் அவளோடு பழகியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். கண்ணாடி கைக்கு வந்துவிட்டால் எதிராளி வாயை மூடிக்கொள்வதுதான் நல்லது.

கூடங்குளத்தில் ருஷ்யப் பொறியாளர்களுக்குப் பதினேழு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். ஓய்வு பெற்ற அன்று அவர்களில் ஒருவர் தலையணை பருமனுக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் 1946-ல் ஏவுகணை வேலையாகத் தொடங்கி, இன்று எனெர்கியா என்று பேர் சொல்லி நிற்கிற விண்கல நிறுவனத்தின் வரலாறு அது. உலகத்தின் முதல் செயற்கைக்கோள், முதல் மனிதன் ஏறிப்போன கலம், சோயுஸ் கலம், சல்யூத், மிர் என்ற விண்வெளி நிலையங்கள் எல்லாம் அவர்கள் கைவேலை. அதைத் தமிழில் கொண்டுவர சாரம்மாளுக்கு நாலு வருடம் பிடித்தது.

அந்த நாலு வருடத்தில் ஐந்து மாதத்தை ஒரே அத்தியாயம் விழுங்கியது. 1971 ஜூன். மூன்று பேர் சல்யூத் நிலையத்தில் இருபத்து மூன்று நாள் இருந்துவிட்டு சோயுஸில் திரும்புகிறார்கள். கலத்தின் பகுதிகள் பிரியும்போது ஒரு சின்ன வால்வு திறந்துகொள்கிறது. உள்ளே இருந்த காற்றெல்லாம் போய்விடுகிறது. காற்று போனாலும் உயிர் காக்கும் காப்புடையைப் போட்டால் மூன்று பேர் உட்கார இடம் பற்றாது என்று அதைக் கொடுத்திருக்கவில்லை. கலம் தானாகவே இறங்கியது. கதவைத் திறந்தவர்கள் மூவரையும் உட்கார்ந்த நிலையில் பார்த்தார்கள். உயிர் இல்லை. அதற்கப்புறம்தான் ஏறுகிறவர்கள் எல்லாரும் காப்புடை போடவேண்டும் என்று ஆனது. 1984-ல் நம் நாட்டுக்காரர் போனபோது போட்டிருந்ததும் அதுதான். இதை எழுதும்போது சாரம்மாள் இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள்.

பதிப்பகங்கள் கைவிரித்தன. கடைசியில் வந்தவர் டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. மகள் சித்ரலேகாவுக்குப் பெங்களூரில் ராக்கெட் செய்கிற கம்பெனியில் வேலை. அவள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு இந்தப் புத்தகத்தையும் வைத்துக் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். மேலப்பாளையம் நூர்முகம்மது அச்சடித்தார். சாரம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

கல்யாணச் சாப்பாடு முடிந்து, பையோடு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். அந்த அத்தியாயம் ஆறு பக்கம் குறைந்திருந்தது. கலம் மெதுவாகத் தரையைத் தொட்டது என்பதோடு நிறுத்தி, அவள் எழுதாத ஒரு வரியைச் சேர்த்திருந்தார்கள்: ‘மூவரும் நலமே வீடு திரும்பினர்.’ அதைச் சேர்த்தது யார் என்று எங்கும் இல்லை. அட்டையில் அவள் பேர்தான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினாள். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதே தெரியவில்லை.

நூர்முகம்மதுவைப் போனில் பிடித்தாள். “அண்ணாச்சி சொல்லித்தான் செஞ்சேன்க்கா. உங்ககிட்ட கேட்டுட்டாருன்னுல்லா நெனச்சேன்” என்றார் அவர். நினைத்தாராம்! ஒரு போன் போட விரல் தேய்ந்தா போகும்?

மூன்றாம் நாள் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள். பந்தல் பிரிக்கவில்லை. மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி வாய் நிறைய வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“கோவப்படாதிய சாரம்மா. கல்யாண வீட்டுப் பையில கேதத்த, சாவுச் சேதிய வச்சா அனுப்ப முடியும்? வாங்கிட்டுப் போறவங்க என்ன நெனப்பாங்க?”

“புத்தகத்தையே வைக்காம இருந்திருக்கலாம்லா? தேங்காயோட நிறுத்தியிருக்கலாம்லா?”

“ஆறு பக்கந்தானே. பாக்கி முழுசும் இருக்குல்லா.”

“அண்ணாச்சி, சொல்லாம விட்டா அது வேற. செத்தவங்களைப் பொழைச்சு வந்தாங்கன்னு என் பேருல போட்டிருக்கிய. அவங்க பிள்ளைங்க இன்னைக்கும் இருக்கலாம். அவங்க முகத்துக்கு நேரா இதைச் சொல்லுவியளா?”

“அவங்க ருஷ்யாவுல இருக்காங்க. நம்ம திசையன்விளைக்காரன் படிச்சா அவங்களுக்கு என்ன?”

சாரம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். தூரத்தில் செத்தால் சாவு இல்லையா? அப்படியானால் இந்த வீட்டுச் சாவு மாஸ்கோவில் சாவு இல்லை. அதை அவர் வாசலில், கல்யாணப் பந்தலுக்குக் கீழே நின்று சொல்ல நா எழவில்லை. சொல்லாமல் விட்ட அந்த மரியாதைகூட அவருக்குத் தகாது என்று தோன்றியது.

உள்ளேயிருந்து சித்ரலேகா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “எந்தப் பக்கம், காட்டுங்க” என்று புத்தகத்தை வாங்கிப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

“அப்பா, எனக்கு அங்கன என்ன வேலைன்னு தெரியுமா? வால்வு பாக்கதுதான் வேலை. ஒவ்வொண்ணையும் ஏன் இத்தனை தடவை பாக்கணும்னு மொத நாள் இந்த மூணு பேரைச் சொல்லித்தான் எங்களை உக்கார வச்சாங்க. அவங்களை என் கல்யாணப் பையில வச்சு நீங்க பொழைக்க வச்சிட்டிய.”

சித்ரலேகா உள்ளே போய் நீல அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொண்டுவந்து சாரம்மாள் கையில் வைத்தாள். கல்யாணப் பத்திரிகை வைத்த வீடுகளின் பட்டியல். ஊர், தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் அண்ணாச்சியே கைப்பட எழுதியது. நானூற்றுச் சொச்சம் வீடு.

விட்டுப்போன ஆறு பக்கத்தையும் நூர்முகம்மது அச்சடித்துக் கொடுத்தார். தபாலில் போட்டுவிடலாம் என்றார். “பத்திரிகையை நேர்ல போயித்தானே வச்சாங்க. இதுவும் அப்படித்தான்” என்றாள் சாரம்மாள்.

முதல் வீடு ஆழ்வார்திருநகரியில். பிரம்மநாயகி, அண்ணாச்சியின் ஒன்றுவிட்ட தங்கை. கல்யாணத்தில் பார்த்த முகம் என்பதால் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

“வாங்க, வாங்க. என்ன விசேஷம்?”

“விசேஷம் இல்லம்மா. கேதம் சொல்ல வந்தேன். உங்க வீட்டுப் புத்தகத்துல மூணு பேரு நல்லபடியா வீடு வந்ததாப் போட்டிருக்கு. அவங்க வரலை. வழியிலேயே செத்துப் போனாங்க. இந்தத் தாளுல இருக்கு.”

பிரம்மநாயகியின் சிரிப்பு அடங்கியது. தாளை வாங்கினாள். யார், எவர் என்று கேட்கவில்லை.

“பிள்ளைங்க உண்டா?”

“மூணு பேருக்கும் உண்டு.”

“அடப் பாவமே” என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள் பிரம்மநாயகி. ஐம்பது வருடம் கழித்து அந்த மூவருக்காக ஆழ்வார்திருநகரியில் ஒரு கண் கலங்கியது.

சாரம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த முகவரியைப் பார்த்தாள். கேதம் சொன்ன வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே படி இறங்கினாள்.